பெருவிரலுக்கு வரும் நரம்பு

ஓசூர், 12.8.2006

முப்பிடாதிக்கு,

நீயும் மாடும் சுகமா? இது நானே எழுதியது.

மெஷினில் பட்ட இடது பெருவிரல் ஆறிவிட்டது, பயப்படாதே. உணர்ச்சிதான் இல்லை. உடம்பின் செல்களில் சில செத்த நரம்பைத் தின்று துடைக்குமாம், சில வரிசையாக நின்று வழிகாட்டுமாம், புது நரம்பு தினம் ஒரு மில்லிமீட்டர் ஊருமாம். அதுவரை மெஷினைத் தொடாதே என்றார் டாக்டர்.

திமிர்பிடித்த சூப்பர்வைசர் தாளை நீட்டி, "கைநாட்டு வை, பெருசு" என்று அதே விரலைப் பிடித்தான். உதறிவிட்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'முழுவதும் குணம், மெஷினுக்குத் திரும்புகிறேன்' என்றிருந்தது. குறுக்கே 'பொய்' என்றெழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"உனக்கு எழுத வருமா?"

"படிக்கவும் வரும்டா!"

பனியன் இரண்டு அனுப்பு. சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட இங்கே ஆளில்லை.

இன்று டாக்டர் குத்திப் பார்த்த ஊசி விரலடியில் சுருக்கென்றது. உணர்ச்சி நுனிக்கு வரும்வரை அந்தப் பயலிடம் சொல்லமாட்டேன்.

தபால்பெட்டி திறக்கும் நேரம்.

சுடலைமுத்து