அறுத்துவிட்ட நங்கூரம்

மாப்ள,

மீன் கொண்டுபோகும் வயர் கூடை என் முன்னால் இருக்கிறது. உன் வீட்டுக்கு மீனோடு போனால், உன் மனைவி அதைச் சோப்புப் போட்டுக் கழுவித்தான் திருப்பித் தருவாள். நேற்று படகில் யாரும் இல்லாத நேரம் இதை எடுத்து முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைக்காக இல்லை, அவள் கை பட்டது என்பதற்காக. இதைப் போய் உன்னிடமே சொல்கிறேன் பார். வேறு யாரிடம் சொல்ல?

நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாம்பன் கரையில் சாய்ந்த பிறகு, உன் வீட்டுக்குக் குழம்பு மீன் நிற்கக்கூடாது என்று படகில் பேசி முடிவு செய்தோம். கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். உன் மகளுக்கு ஞானத்தகப்பன் நான்தானே. சத்தியமாக அப்போது மனதில் கள்ளம் இல்லை. எப்போது நுழைந்தது என்றும் தெரியவில்லை. என் வீட்டுக்கு மலிவான காரல், உன் வீட்டுக்கு விலை கூடின சங்கரா என்று பிரிக்க ஆரம்பித்திருந்தேன். போகுமுன் முகம் கழுவிச் சட்டை மாற்றினேன். அவள் பாவம், "வாங்கண்ணே, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்பாள். அந்த அண்ணே என்னைச் செருப்பால் அடிக்கும். அடுத்த நாளும் போய் நிற்பேன்.

செபித்துப் பார்த்தேன். மாதா சிலை இருக்கும் கெபி முன்னால் ஜெபமாலை உருட்டும்போதும் அவள் முகம்தான் வந்தது. பாவசங்கீர்த்தனத்தில் "கெட்ட நெனப்பு வருது சாமி" என்று பொதுவாகச் சொல்லி, செத்த கூட்டாளியின் மனைவி என்பதை விழுங்கிவிட்டேன். பாவத்தை மறைத்ததால் பூசையில் நன்மை அப்பம் வாங்கவும் பயம். எல்லோரும் எழுந்து போக, நான் பெஞ்சிலேயே கிடக்கிறேன். ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டாரோ என்று நடுங்குகிறது.

கச்சான் காற்றில் நாம் மாட்டிக்கொண்ட நாள் நினைவிருக்கிறதா? நங்கூரம் கடலடிப் பாறையில் சிக்கிவிட்டது. புதுசு. அலை படகுக்குள் ஏறிக்கொண்டிருக்க, நான் விட மனமில்லாமல் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தேன். நீ கத்தியோடு வந்தாய்.

"ஏலே, மனசு வராதுதான். மனசு வரட்டும்னு நின்னா நம்ம பொணந்தான் கரைக்குப் போகும். அறுடா."

என்னால் முடியவில்லை. நீதான் அறுத்தாய்.

இத்தனை நாள் மனசு மாறட்டும் என்று செபித்தேன், உன் வீட்டுக்குப் போய்க்கொண்டே. இன்று கூடையை என் மனைவியின் முன்னால் வைத்தேன்.

"இனிமே அங்கன நீ கொண்டுபோய்க் குடு."

"ஏன்?"

"நான் போகக்கூடாது. கேட்டாலும் என்னைய விடாத."

"சங்கரா எங்கன போகுதுன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சிய?" என்றாள். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து, "அண்ணன் ஏன் வரலன்னு கேட்டுச்சு. ஒடம்பு சரியில்லன்னு சொன்னேன்" என்று மட்டும் சொன்னாள். பொய்யும் இல்லை.

ஆசை போய்விடவில்லை, மாப்ள. அந்த நங்கூரம் இன்னும் அந்தப் பாறையில்தான் கிடக்கிறது, இடமும் எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண் தண்ணீருக்குள் தேடும். இனி உன் தெருவும் அப்படித்தான். சனிக்கிழமை சாமியிடம் போய் விழுங்கியதைக் கக்க வேண்டும். என்னால் முடியுமா தெரியவில்லை, எனக்காக அறுக்க நீயும் இல்லை. உன்னுடைய அந்த "அறுடா" மட்டும்தான் என்னிடம் மிச்சம். நாளைக்கும் சொல்லு.