நாங்க அடிச்ச அட்டை

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

போனில் இடமில்லை. இறந்துபோன அப்பா பேசிய வீடியோக்களை ஏற்றிவைக்க, போன வாரம் விருதுநகரில் விலை குறைந்த ஹார்டு டிஸ்க் வாங்கப் போனோம். மூன்று வருட வாரண்டி உள்ளதை நான் காட்டினேன். அச்சாபீஸில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் பேர் தெரியாத கம்பெனி டிஸ்க் ஒன்றின் பெட்டியைத் தடவிக்கொண்டே நின்றார்.

“இது நாங்க அடிச்ச அட்டை. அட்டைக்கே இம்புட்டுச் செலவழிக்கிறவன் உள்ள மட்டமாவா வைப்பான்?”

கடையில் வைத்து அவரை மறுத்துப் பேச மனமில்லாமல் அதையே வாங்கிவந்தேன். வீடியோக்களை அதில் ஏற்றிவிட்டுப் போனில் அழித்தேன். இன்று திறந்தால் ஒன்றுமே இல்லை. கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

இவரோ பெட்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “அடிப்புல ஒரு குறையும் இல்லையே” என்கிறார்.

அப்பா குரலை இனி எங்கே போய்க் கேட்பேன்? இவர் பெட்டியை மட்டும் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார்.