மதகடியில் ஆள் மாறுவது

சாய்ந்தமருது
1999

மச்சான்,

பல்கலைக்கழகத்து நம் தொண்டர் நிலையத்தின் வரலாற்றை ஆண்டு மலருக்கு நான்தான் எழுதித்தர வேண்டுமாம். ஒரு சைக்கிளில் நாம் இருவரும் நோயாளிகளுக்கு மருந்து கொண்டுபோனதில் தொடங்கினேன். மதகடிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

உங்கள் தமிழ் ஊருக்குள் நீ மிதிப்பாய், நான் பின்னால். இரண்டு ஊருக்கும் எல்லையான மதகடியில் இறங்கி மாறுவோம். எங்கள் முஸ்லிம் ஊருக்குள் நான் மிதிப்பேன். முன்னால் தெரிந்த முகம் இருந்தால் யாரும் மறிக்கமாட்டார்கள்.

புதிய மாணவர்களும் அங்கேதான் மாறுகிறார்கள். "களைச்சாத்தானே மாறணும் அண்ணன், ஏன் இதில இறங்குற?" என்று ஒருவன் கேட்டான்.

"எதிர்க்காத்து தம்பி" என்றேன்.

உன் அம்மா வந்திருந்தார். உன்னை ஜீப்பில் ஏற்றிய இடத்தைத் தாண்டித்தான் அவரும் வரவேண்டும். "எண்ட புள்ளைட படத்த மலருல போட்டுராதீங்க மகன். இல்லாத ஆக்கள்ட படத்தத்தான் அப்பிடிப் போடுற" என்றார்.

ஓம் என்றேன். படம் போடவில்லை.

மருந்துப் பையோடு இப்போது தனியாகத்தான் உங்கள் காரைதீவுக்குப் போகிறேன். யாரும் மறிப்பதில்லை. ஆனாலும் மதகடியில் இறங்கிவிடுகிறேன். உன் ஊர் முடியும்வரை சைக்கிளை உருட்டிக்கொண்டே நடக்கிறேன். அங்கே மிதிக்க வேண்டியவன் நீ.

இப்படிக்கு,
பின்னால் இருப்பவன்