ஐம்பது டின் மா

மார்ச் 3, திங்கள்
விடிந்ததிலிருந்து பனி. துணி காயவில்லை.
பள்ளிக்கூடத்துப் பகல் சாப்பாட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள். வியாழன் சோதனைச் சமையல், எண்பது பிள்ளைகளுக்குத் தேங்காய் ரொட்டி. சரியாகச் செய்தால் வேலை எனக்கு. பதினாலு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த இடுப்பு, இனித் தாங்காது. இந்த வேலை வேண்டும்.
எழுதிக் கொண்டுபோனது: மா நாற்பது டின், தேங்காய்ப்பூ பன்னிரண்டு டின், உப்பு ஒரு கை. டின் என்றால் டின்பால் காலி டின். அளவுக்கு அதுதான் எப்போதும். டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். தாளைத் திருப்பித் தந்தார்.
“டின் கணக்கு எழுதேலாது அக்கா. எல்லாம் கிராமிலை வேணும். சமையலைப் பாக்க வாற மிஸ் நிறுத்துத்தான் சாமான் தருவா.”
தராசு? அதுவும் மிஸ்ஸோடுதான் வருமாம். உப்பு ஒரு கை எத்தனை கிராம்? என் கையா, மிஸ் கையா?

மார்ச் 4, செவ்வாய்
மழை. கடைக்காரரிடம் ஒரு டின் மாவை நிறுத்துத் தரச் சொன்னேன்.
“வாங்குறதா இருந்தா நிறுக்கிறேன் தங்கச்சி.”
மிச்சம் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசு. ஒரு டின்னுக்கெல்லாம் அது அசையாது. பள்ளிக்கு வந்த மாவில் ஐம்பது டின் அளந்து, சாக்கில் கட்டி, நனையாமல் தூக்கிக்கொண்டு போனேன். கொழுந்துக் கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளை கொக்கியில் மாட்டினார்.
“ஆறே கால். எழுதிக்கம்மா.”
போனில் வகுத்தேன். டின்னுக்கு 125 கிராம். நாற்பது டின் ஐந்து கிலோ. உப்பு 60 என்று குத்துமதிப்பாகப் போட்டேன். ஒரு தாளுக்கு இரண்டு நாள்.

மார்ச் 6, வியாழன்
வெயில். வெட்கம்.
மிஸ் ஐந்து கிலோ மாவை நிறுத்து வைத்தார். பார்வைக்கே குறைவு. டின்னால் அளந்தேன். முப்பதுதான். இன்னும் கேட்டேன்.
“நீங்க எழுதிக் குடுத்த அளவுதானே?”
எண்பதாகப் பிரித்து உருட்டினேன். தேங்காய் கூட, மா குறைவு. கல்லிலேயே உடைந்தது. முதலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது. “அக்கா, இன்னொண்ணு.” இல்லை என்றேன். மிஸ் எதையோ எழுதினார்.
திங்கள் பெற்றோர் குழு முடிவு செய்யும்.

மார்ச் 7, வெள்ளி
ஒரு கிலோ மா பாக்கெட் வாங்கி அளந்தேன். ஆறு டின். அப்படியென்றால் ஐம்பது டின் எட்டு கிலோவுக்கு மேல். இந்தப் புத்தி செவ்வாயே வந்திருக்கக் கூடாதா?
மடுவத்துக்குப் போனேன்.
“ஆறே கால்னு சொன்னீங்களே ஐயா?”
“எட்டே கால் இருந்துச்சு. சாக்குக்கு ரெண்டு கழிச்சேன்.”
“மாவுக்குமா?”
“எல்லாத்துக்கும் கழிக்கிறதுதானே. இப்பதான் புதுசா கேக்கிற.”
பாதிக் கோபம் அவர்மேல், பாதி என்மேல். அவர் பழக்கத்தில் கழித்தார், நான் பழக்கத்தில் வாங்கிக்கொண்டு வந்தேன்.
டீச்சரிடம் சொன்னேன். மிஸ் விட்டுப்போன சின்னத் தராசை எடுத்து வைத்தார். மாச் சாக்கு 110 கிராம். நாத்தனார் செல்வி இன்னும் கொழுந்து பறிக்கிறாள், அவள் பையையும் வாங்கி வந்து வைத்தேன். மழையில் ஊறியது, 340 கிராம். இதற்கா இரண்டு கிலோ? ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. பதினாலு வருடம். பெருக்கிப் பார்க்கவில்லை. அழுதேன்.
“புதுத் தாள் எழுதித் தாங்கோ. நான் மிஸ்ஸோடை கதைக்கிறன்,” என்றார் டீச்சர்.

மார்ச் 8, சனி
திருத்திய தாள்: மா 6 கிலோ 600. டீச்சரிடம் கொடுத்தாயிற்று. தராசை ஒரு நாளைக்குக் கேட்டேன், தந்தார்.
பெற்றோர் குழுவில் கணக்கப்பிள்ளையும் இருக்கிறார். திங்கள் எனக்கு எதிராகப் பேசுவார். பேசட்டும்.
காலை நிறுவை. மடுவத்தில் நீள வரிசை. பலகையில் தராசை வைத்தேன். செல்வி கொழுந்தைக் கொட்டிவிட்டு வெறும் பையை அதன்மேல் போட்டாள். கணக்கப்பிள்ளை எட்டிப் பார்த்தார். பின்னால் நின்றவர்களுக்கு எண் தெரியவில்லை.
செல்விதான் சொன்னாள். “படிங்க ஐயா. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி படிங்க.”