பத்து மில்லிமீட்டர் தோல்

ஆம்பூர்,
திங்கட்கிழமை காலை.

அன்புள்ள மெர்சிக்கு,

உன் இளம்பரிதி எழுதுவது. நானும் அம்மாவும் நலம். வண்டியும் நலம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். அடுத்த பக்கத்தைப் படிக்கும்போது உனக்கு அது தேவைப்படும்.

ஆறு மாதப் பயிற்சி முடிந்து இந்த மாதம் இருபதாம் தேதி நீ இத்தாலியிலிருந்து திரும்ப வேண்டும். இன்னும் ஆறு மாதம் இருந்து மேல்படிப்பையும் முடிக்கச் சொல்கிறார்கள், இருக்கட்டுமா வரட்டுமா என்று நீ கேட்டுப் பதினாறு நாள் ஆகிறது. போனில் கேட்டால் ஜோக் அடித்துத் தப்பிக்கிறேன், அதனால் பதில் பேனாவால் எழுதி வர வேண்டும் என்று சொல்லிவிட்டாய். நம் கம்பெனி மக்பூல் அகமது சார் நாளை அங்கே கண்காட்சிக்குப் புறப்படுகிறார். அவர் பெட்டியில் ஷூ சாம்பிள்களுக்கு நடுவே இந்தக் கடிதமும் அம்மா போட்ட பூண்டு ஊறுகாயும் வருகின்றன. எண்ணெய் கசிந்தால் ஆர்டரே போய்விடும் என்று மூன்று கவர் போடச் சொன்னார். நான்கு போட்டேன்.

பதிலுக்கு முன்னால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். உன் வண்டியில் கை வைத்துவிட்டேன்.

நீ கேட்ட அந்த வாரமே நம் கட்டிங் செக்‌ஷன் தபரேஸ் நாலு அலாய் வீல் கொண்டு வந்தான். அவன் மச்சான் வண்டியில் கழற்றியது, அடிமாட்டு விலை. பளபளவென்று இருந்தன. எனக்கு உடனே ஒரு யோசனை. இதை மாட்டி, வண்டியைக் கழுவி, பாலாற்றுப் பாலத்துப் பக்கம் நிறுத்தி போட்டோ எடுத்து அனுப்பினால், வண்டியைப் பார்க்கும் ஆசையிலாவது நீ இருபதாம் தேதி கிளம்பி வந்துவிடுவாய். சின்னப் புத்திதான், ஒப்புக்கொள்கிறேன். உனக்குப் பதில் எழுத உட்காராமல் இருக்க எனக்கு ஏதாவது ஒரு வேலையும் வேண்டியிருந்தது.

மாட்டினோம். சக்கரம் நாலும் உள்ளே போய் ஒளிந்துகொண்டன. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் முன் டயர் உள்பக்கம் உரசி கர்ர் என்றது. தபரேஸ் குனிந்து பார்த்துவிட்டு, ஸ்பேசர் போட்டாத்தான்டா வெளிய வரும் என்றான். சக்கரத்துக்கும் அது உட்காருகிற ஹப்புக்கும் நடுவில் வைக்கும் வட்டத் தட்டுதான் ஸ்பேசர். எவ்வளவு தடிமன் என்று கேட்டேன். பத்து மில்லிமீட்டர், ஆர்டர் போட்டா வர்றதுக்கு ஒரு வாரம் ஆகும் என்றான்.

பதினான்கு வருடமாகத் தோல் வெட்டுகிறவன் நான். பத்து மில்லிமீட்டருக்காக ஒரு வாரம் காத்திருப்பேனா?

சிரிக்காதே. ஐந்து மில்லிமீட்டர் சோல் லெதரில் நாலு வட்டம் வெட்டினேன். இரண்டிரண்டாகச் சேர்த்து ஒட்டி, நடுவில் ஒரு பெரிய ஓட்டை, சுற்றிலும் நாலு போல்ட்டுக்கு நாலு ஓட்டை. ஓரத்தைத் தேய்த்து மெழுகு போட்டுப் பாலிஷ் ஏற்றினேன். கேஜ் வைத்தால் எந்த இடத்திலும் பத்துதான் காட்டியது. அவ்வளவு சுத்தமான வேலையை நான் ஏற்றுமதிச் சரக்குக்குக்கூடச் செய்ததில்லை. தபரேஸ் வாங்கிப் பார்த்து, இத சக்கரத்துக்குள்ள மறைக்கறது பாவம்டா என்றான். முன் சக்கரம் இரண்டிலும் வைத்து முடுக்கினோம். உரசல் நின்றுவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நேற்று சத்துவாச்சாரியில் உன் அப்பாவின் அறுபதாவது பிறந்தநாள் ஸ்தோத்திரக் கூட்டம். அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு புறப்பட்டேன். மாதனூர் தாண்டியதும் தோல் வாசனை வந்தது. நம் பக்கத்தில் தோல் வாசனைக்கு யார் வண்டியை நிறுத்துவார்கள்? அம்மா கண்ணாடியை ஏற்றச் சொன்னாள், ஏற்றினேன். வாசனை ஜாஸ்தி ஆனது. எந்த ஃபேக்டரிக்காரன்டா ஞாயித்துக்கிழமையும் ஓட்டறான் என்று திட்டிக்கொண்டே வந்தாள். பள்ளிகொண்டா வருவதற்குள் ஸ்டீயரிங் உதற ஆரம்பித்தது. இன்னாடா இது, வண்டி டான்ஸ் ஆடுது என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபேக்டரியும் இல்லை, ஒன்றும் இல்லை. கருகுவது என் சரக்கு.

ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால், இடது முன் சக்கரத்தின் நட்டுகள் விரலாலேயே சுழன்றன. முதல் வேலையாக அம்மாவைக் கீழே இறக்கினேன் மெர்சி. இன்னும் இரண்டு கிலோமீட்டர் போயிருந்தால், அம்மாவையும் வைத்துக்கொண்டு... வேண்டாம், எழுதவே மனசு வரவில்லை.

அம்மா ரோட்டோரம் நின்று விசாரணையை ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், போட்டோ திட்டம் உட்பட. நீ ஆறு மாதம் கேட்டது அவளுக்கு அதுவரை தெரியாது. பொண்டாட்டி வேணும்னா வாயத் தொறந்து கூப்புடு, இல்லன்னா இருந்து படின்னு சொல்லு, ரெண்டுக்கும் நடுவுல என்ன ஏன்டா தோலு மேல வெச்சி ஓட்டற என்று அவள் கத்தியதில், டீ குடிக்க இறங்கிய லாரி டிரைவர் ஒருவர் சிரித்தே விட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அம்மாவுக்கும்.

உன் அப்பாவுக்குப் போன் போட்டேன். சர்வீஸ் ரோட்டில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கும் ஆபித் பாஷாவை பைக்கில் அனுப்பினார். என் வயசுதான் இருக்கும். சக்கரத்தைக் கழற்றி, தோல் தட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனையோ கூத்து பாத்திருக்கேன் சார், இது மட்டும் நம்ம ஆம்பூர்லதான் நடக்கும் என்றார். வேலை சுத்தமாக இருக்கிறது என்றும் சொன்னார், அதையும் எழுதிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். தோல் அழுந்தும், அழுந்த அழுந்த நட்டு தளரும். தளர்ந்த சக்கரம் உரசும், சூடேறும். போதாததற்கு, என் தட்டு போல்ட்டில் பத்து மில்லிமீட்டரை விழுங்கிவிட்டதால் நட்டுக்குப் பிடிக்க மூன்று சுற்று மரைதான் மிச்சம் இருந்திருக்கிறது. வீலின் உள்பக்கம் நாற்பத்தைந்து என்று ஒரு எண் இருந்தது. நான் அதை ஏதோ அச்சு நம்பர் என்று நினைத்திருந்தேன். அதுதான் ஆஃப்செட்டாம். ஆபித் பாஷா எனக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது, உனக்கு ஒரு தடவையே போதும். பேட்டர்ன் வரையும்போது நீ முதலில் நடுக்கோடு போடுவாய் அல்லவா? சக்கரத்தின் அகலத்துக்கும் அப்படி ஒரு நடுக்கோடு உண்டு. ஹப்பில் ஒட்டுகிற முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதுதான் அந்த எண். எண் ஏறினால் சக்கரம் உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். உன் வண்டிக்கு வேண்டியது முப்பத்தைந்து. தபரேஸ் கொண்டு வந்ததில் பத்து ஜாஸ்தி, சக்கரம் உள்ளே ஒளிந்ததும் அதே பத்துதான்.

ஸ்பேசர் வைத்தால் அந்தப் பத்தைச் சரிக்கட்டலாம், தப்பில்லை என்றார். ஆனால் அது உலோகத்தில் ஒரே துண்டாக இருந்து ஹப்பின் நடு வளையத்தில் ஆடாமல் உட்கார வேண்டும், போல்ட்டும் நீளமாக மாற்ற வேண்டும். கொஞ்ச தூரம் ஓடியதும் மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும். பார்வைக்காக அதற்கும் மேலே வெளியே தள்ளினால் பேரிங் சீக்கிரம் போய்விடும்.

இன்னொரு தட்டையும் கழற்றிவிட்டு வீல் இரண்டையும் நேராக ஹப்பிலேயே மாட்டிக் கொடுத்தார். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்காமல் ஓட்ட வேண்டும் என்பது கட்டளை. உங்கள் தெருவுக்குள் திரும்ப முடியாமல் நான் முன்னே போய்ப் பின்னே வந்ததை உங்கள் தெருவே வேடிக்கை பார்த்தது. கையெல்லாம் கிரீஸோடு உள்ளே நுழைந்தபோது பாட்டு முடிந்திருந்தது.

இனிமேல்தான் உன் கேள்விக்கு வருகிறேன். பாஸ்டர் ஐயா உன் அப்பாவுக்காக ஜெபித்து முடித்துவிட்டு, நம்ம மெர்சி இந்த மாசம் நல்லபடியா ஊர் வந்து சேர ஜெபிப்போம் என்றார். எல்லாரும் கண்ணை மூடினார்கள், நானும் மூடினேன். சாமி கும்பிடும் வழிதான் எனக்கு வேறு, வேண்டுதல் அதேதான். பதினாறு நாளாக வேறு எதையும் வேண்டவில்லை. மூடிய கண்ணுக்குள் நீ வந்தாய். போன வாரம் வீடியோவில், நீயே வரைந்து நீயே தைத்த சிவப்பு ஷூவைத் தூக்கிக் காட்டினாய் பார், அந்த முகம். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அந்த ஷூ மேல் எனக்குப் பொறாமையாகவே இருந்தது. ஐயா, இப்ப வேணாம், ஆறு மாசம் கழிச்சி ஜெபிங்க என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

ஜெபத்தின் நடுவில் யாராவது இப்படிப் பேசுவார்களா? கூடமே கண்ணைத் திறந்துவிட்டது. படிக்கச் சொல்றாங்க, பெரிய படிப்பு, இருந்து முடிச்சிட்டு வரட்டும் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். பாஸ்டர் சிரித்துக்கொண்டே ஜெபத்தைத் திருத்தினார். எல்லாரையும்விட உரக்க ஆமென் சொன்னது என் அம்மா. உன் அப்பா எழுந்து வந்து என் கிரீஸ் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. அவர் புது வெள்ளைச் சட்டை போயே போச்சு, உன் அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. பிரியாணி அடி தட்டும் வரை உன் பேச்சுத்தான். என் மனைவி என்று நான் எத்தனை தடவை சொன்னேன் என்று அம்மா எண்ணிக் கேலி செய்கிறாள்.

ஆக, பதில் உன்னைவிட முன்னாலேயே சத்துவாச்சாரிக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு மன்னித்துவிடு. நீ பேனாவால் கேட்டாய், பேனாவாலேயே எழுதுகிறேன். இரு மெர்சி. மார்ச் வரைக்கும் இரு. எனக்கு முழுச் சம்மதம்.

உன் வண்டியில் பழைய சக்கரங்களை இன்று விடியற்காலையிலேயே மாட்டிவிட்டேன். அலாய் வீல் நாலும் பரணில் இருக்கின்றன. வைப்பதா விற்பதா என்று நீ முடிவு செய். கருகாமல் தப்பிய தோல் தட்டு குழம்புச் சட்டிக்கு அடியில் வைக்கும் பிரிமனை ஆகிவிட்டது. சட்டி ஆடாமல் நிற்கிறது, இப்பதான்டா உன் வேலை உருப்படியாச்சு என்கிறாள் அம்மா.

அங்கே குளிர் ஏறுமாமே, கம்பளிச் சட்டை வாங்கிக்கொள். கம்மி விலையில் கிடைத்ததே என்று மெலிசாக வாங்காதே. ராத்திரி ரொட்டியோடு நிறுத்தாமல் சோறு வடித்துச் சாப்பிடு. கிறிஸ்துமஸுக்கு வாசலில் ஸ்டார் நானே கட்டுகிறேன், எந்தக் கலர் என்று மட்டும் சொல். உன் கர்த்தரும் எங்கள் முருகனும் உனக்குத் துணை இருக்கட்டும் என்று அம்மா எழுதச் சொன்னாள்.

சீக்கிரம் வா என்று எழுதக் கூடாது என்று முடிவு செய்துதான் உட்கார்ந்தேன். முழுசாக முடித்துவிட்டு வா.

என்றும் உன்,
இளம்பரிதி