கதவுக்கு முட்டுக் கொடுத்த இரும்புத் துண்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்க்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதைக் கேள். அப்பா அனுப்பிய பெட்டி வந்திருந்தால் அதிலிருக்கிற இரண்டு ஸ்டியரிங் ஆர்மையும் வண்டியில் மாட்டாதே. மாட்டியிருந்தால் இந்தக் கடிதத்தை அப்படியே வைத்துவிட்டுப் போய்க் கழற்று, அதுவரை வண்டியை ஓரடிகூட நகர்த்தாதே. இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற நீளமான டை ராடு நல்லது, அது மரை போட்ட ஒரே குழாய், அதில் வெல்டிங்கே இல்லை. ஆக்சிலுக்கு அடியில் வைக்கிற கனத் தகடும் நல்லது. சக்கரத்தைத் திருப்புகிற அந்த இரண்டு ஆர்ம்தான். பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, கறுப்புப் பெயிண்ட், ஓரத்தில் அப்பா உளியால் குத்துகிற மூன்று புள்ளி, எல்லாம் இருக்கும். உள்ளே பலம் இல்லை.

லாரி டிப்போவுக்கு நாலு தடவை போன் செய்துவிட்டேன். பெட்டி போன வாரமே லாரியில் ஏறி உங்கள் முகாமுக்குப் போய்விட்டதாம், நீ உள்ளே மலைப் பக்கம் அளவெடுக்கப் போயிருக்கிறாயாம், எப்போது திரும்புவாய் என்று தெரியாதாம். ரேடியோவில் சொல்லச் சொன்னேன். "சொல்லியாச்சும்மா, யாரோ கேட்டுக்கிட்டாங்க" என்கிறார் அந்த மனிதர். யாரோ என்றால் யார் என்று கேட்டால் போனை வைத்துவிட்டார். மூன்று வாய் மாறி வருகிற சேதியை நான் என்றைக்கு நம்பினேன்? அதனால்தான் எழுதுகிறேன், இது அடுத்த லாரியில் வரும். எனக்கு உன்னைத் தெரியும்டி, புதுச் செருப்பு வாங்கினால் கடையிலேயே காலில் போட்டுக்கொண்டு வருகிறவள் நீ, பெட்டியைப் பார்த்தால் கை முகம்கூடக் கழுவாமல் ஸ்பானரை எடுப்பாய். அந்த நினைப்புதான் என்னைக் கொல்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன், திட்டுவதை எல்லாம் கடைசியில் மொத்தமாகத் திட்டு. பெரிய டயர் போட்டதிலிருந்து பாறையில் ஏறும்போதெல்லாம் ஸ்டியரிங் வளைந்துபோகிறது, ஒரு தடவை சரிவில் வண்டி தானாகத் திரும்பிவிட்டது, பின்னால் உன்கூட அளவெடுக்கிற பிள்ளைகள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று நீ எழுதினாய் அல்லவா, அன்றிலிருந்து அப்பாவுக்கு வேறு வேலை ஓடவில்லை. கையில் இருந்த வேலையை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு உன் வேலையில் இறங்கினார். அவர் வழக்கம் உனக்குத் தெரியும். ஆளைச் சுமக்கிற சாமான் எதைச் செய்தாலும் அதே வெல்டிங் ராடில் அதே சூட்டில் கூடவே ஒரு துண்டை வெல்டிங் வைத்து, அதிலும் முத்திரை குத்தி, மறுநாள் பட்டறை வைஸில் இறுக்கிச் சுத்தியலால் அடிப்பார். வளைந்தால் சாமான் வெளியே போகும், உடைந்தால் மொத்தத்தையும் வெட்டிப் போடுவார். இதிலும் அப்படித்தான் துண்டு வைத்தார், ஆற வைக்கப் பட்டறை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனார். விடிந்தால் ஒரே காற்று. நம் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் இரண்டு வருடமாகிறது, ஊருக்கெல்லாம் இரும்படிக்கிற மனிதருக்கு வீட்டுத் தாழ்ப்பாளுக்கு நேரமில்லை, அது பாட்டுக்குப் படார் படார் என்று அடித்துக்கொண்டிருந்தது. நான் பட்டறை ஜன்னலுக்குள் கையை விட்டு அகப்பட்ட கனமான இரும்பை எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். அவ்வளவுதான், மறந்தும் போனேன். கொஞ்ச நேரத்தில் அப்பா வந்து, "இங்க ஒரு துண்டு வெச்சிருந்தேனே, பாத்தியா?" என்றார். "இந்த வீட்ல இரும்புக்கா பஞ்சம், நான் எதைன்னு பாக்கறது?" என்றேன். பாவி நான், குனிந்து காலடியில் பார்த்திருக்கலாம். அதற்குள் வாசலில் லாரி ஹாரன். பக்கத்துப் பட்டறை லேத்காரர் வேறு, "உங்க கை வெச்ச வெல்டிங்குக்கு டெஸ்ட் எதுக்குண்ணே, பொண்ணு அங்க உயிரைக் கையில புடிச்சிக்கிட்டு ஓட்டுது" என்றார். அப்பா பெட்டியைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், சரி ஏற்று என்றுவிட்டார். முப்பத்தொரு வருடத்தில் டெஸ்ட் பண்ணாமல் அனுப்பியது இது ஒன்றுதான், அது உன் சாமான்.

ஒன்பதாம் நாள் பின்வாசலில் அப்பா அந்தத் துண்டில் கால் இடறினார். வலியில் திட்டிக்கொண்டே குனிந்து எடுத்தவர் அந்த மூன்று புள்ளியைத் தடவிப் பார்த்ததும் நேரே பட்டறைக்குப் போனார். எப்போதும் பத்துப் பன்னிரண்டு அடி மொத்து மொத்தென்று கேட்கும். அன்றைக்கு இரண்டாவது அடியிலேயே தட்டு உடைந்த மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தால் துண்டு வெல்டிங்கோடு இரண்டாகக் கிடக்கிறது, உள்ளே பொடிப்பொடியாக ஓட்டை. மழைக் காலத்தில் ராடு ஈரம் குடித்தால் இப்படி ஆகும் என்றார், ஆனால் ராடைக் காய வைக்கிற சூட்டுப் பெட்டியில் போட்டுத்தானே எடுத்தேன், சிவப்பு லைட் எரிந்ததைப் பார்த்தேனே என்று அடித்துச் சொன்னார். நான் சுவிட்சைப் போட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது, லைட்டும் எரியவில்லை. ஒயரை எலி கடித்து எத்தனை நாளாயிற்றோ. எரியாத லைட்டை எரிகிறதென்று எப்படிப் பார்த்தார்? எனக்கு அப்போதுதான் உறைத்தது, சில மாதமாக டீயைக் கிளாஸுக்கு வெளியே ஊற்றுகிறார், நானும் கவனக்குறைவு என்று கத்திக்கொண்டிருந்தேன். அவருடைய இடது கண்ணை என் கையால் பொத்தி, இது எத்தனை விரல் என்றேன். "மூணு" என்றார். நான் விரலையே காட்டவில்லை கண்ணு, என் இன்னொரு கை இடுப்பில் இருந்தது.

எட்டு மாதமாக வலது கண்ணில் புகை மூட்டமாம், சொன்னால் நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய் என்று மூடி மறைத்திருக்கிறார். கண் டாக்டர் புரை என்கிறார், ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்கிறார், சீக்கிரம் செய்யுங்கள் என்கிறார். இவர் கேட்டால்தானே! "அவ கிட்டேருந்து பதில் வரட்டும்" என்பதோடு சரி. உடைந்த துண்டு இரண்டையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறார். வெல்டிங் முகமூடியைத் துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். இத்தனை வருடத்தில் இவரோடு எனக்கு வராத சண்டை இல்லை, ஆனால் பேசாமல் இருக்கிற மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது? உன் தம்பி ஷிப்ட் முடிந்து வந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது உளறிச் சிரிக்க வைக்கப் பார்க்கிறான், அவன் ஜோக்குக்கு யார் சிரிப்பார்கள் சொல்.

புது ஆர்ம் இரண்டு தயார். வெல்டிங் லேத்காரர் வைத்தார், அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல. சூட்டுப் பெட்டிக்குப் புது ஒயர், லைட் எரிகிறதா என்று நான் பார்த்தேன், பெட்டி சுடுகிறதா என்று கை வைத்தும் பார்த்தேன். டெஸ்ட் துண்டை இந்தத் தடவை நானே அடித்தேன், வேறு யாரையும் விடவில்லை. பதினாலு அடி, வில்லாக வளைந்தது, உடையவில்லை, இன்றுவரை தோள் வலிக்கிறது. வளைந்த துண்டும் பெட்டிக்குள் வருகிறது, பார்த்த பிறகு மாட்டு. புதியதில் மூன்று புள்ளி இருக்காது, தேடாதே. பழைய இரண்டையும் கேஸ் கட்டரால் நாலாக வெட்டிவிடு, வேறு எவனாவது எடுத்து மாட்டிவிடப் போகிறான். வண்டி ஓட்டும்போது பெல்ட் போடு, ஈரச் சாக்ஸோடு தூங்காதே, பசியோடு சரிவில் ஓட்டாதே.

இனி ஒன்று, அதற்காகத்தான் இவ்வளவும். மாட்டவில்லை என்றால் மாட்டவில்லை என்று ஒரு வரி உடனே எழுது. ஒருவேளை மாட்டி ஓட்டி ஏதாவது ஆகியிருந்தால், உனக்கோ பின்னால் இருந்த பிள்ளைகளுக்கோ அடி கிடி பட்டிருந்தால், அப்பாவுக்கு மாட்டவில்லை என்றே எழுது. உண்மையை உன் தம்பி வேலை செய்கிற இடத்து முகவரிக்கு எனக்குத் தனியாக எழுது. துண்டைக் கதவுக்கு வைத்தவள் நான், அதை நான் தாங்கிக்கொள்வேன், அவர் தாங்க மாட்டார். இதைத் தயக்கமில்லாமல் எழுதுகிறேன், என் பொடி எழுத்து இப்போது அவர் கண்ணுக்குப் பிடிபடாது. டிப்போவில் சேர்க்க அவரிடம்தான் கொடுக்கப் போகிறேன், அவருக்கும் ஒரு வேலை வேண்டுமே.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், உன்னை நம்பி வண்டியில் ஏறுகிறவர்களும் நன்றாக இருக்க வேண்டும். மறுபடி சொல்கிறேன், மாட்டாதே.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா

கண்ணு, அப்பா. லேத்காரரின் பூதக் கண்ணாடியை வாங்கி வந்து எல்லாவற்றையும் படித்தேன், ஒரு மணி நேரம் ஆயிற்று. அம்மா சொன்னபடி எழுதாதே. எது ஆகியிருந்தாலும் எனக்கே எழுது, பெரிய எழுத்தில் எழுது. அம்மாவைத் திட்டாதே. பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன்.