உயிரோடு இருப்பவருக்கு ஓர் ஒப்பாரி

கொச்கோர்
4 அக்டோபர் 1998

அன்புள்ள அப்பாவுக்கு,

கனிஷாய் எழுதுவது. வேன் டிரைவர் துரூஸ்பெக் அண்ணனிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய தேயிலையும் கோட்டும் வந்து சேர்ந்தன. கோட்டுக்குக் கை நீளம். நான் இன்னும் வளருவேன் என்று வாங்கினீர்களா, என் வயது மறந்துவிட்டதா, தெரியவில்லை. பதினேழு நடக்கிறது. அம்மா கையை உள்ளே மடித்துத் தைத்துக் கொடுத்தாள். உங்கள் ஸ்டுடியோவில் உடுப்புத் தைத்தவள் அல்லவா, மடிப்பு தெரியவே இல்லை.

பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தீர்கள். அம்மாவுக்கு முழங்கால் மோசமானபோதே விட்டுவிட்டேன், பால் கறக்க ஆள் இல்லை. இப்போது காலையில் மாடு, பிறகு பஸ் நிலையத்துப் பக்கம் ரொட்டிக் கடை. கடை என்றால் சுவரில் ஒரு சின்ன ஜன்னல். ரொட்டியை நீட்டும் என் கை மட்டும்தான் வெளியே தெரியும். அதனால்தான் அந்த வேலை பிடித்திருக்கிறது. யாராவது குனிந்து உள்ளே பார்த்தால் எனக்குப் பேச்சு நின்றுவிடும்.

உங்கள் படங்களைப் பார்ப்பேன், பாதி வரை. போன வாரம்கூட டி.வி.யில் ஒன்று வந்தது. நீங்கள் ஆடு மேய்ப்பவர். குதிரைத் திருடர்கள் மலையிறங்கி வந்ததும் அம்மா எழுந்து போய் அணைத்துவிட்டாள். "அந்த மனுஷன் சாகறதுக்குச் சம்பளம் வாங்கறாரு. உக்காந்து பாக்கறதுக்கு எனக்கு யாரு குடுக்கறா?" என்பாள். அதனால் உங்கள் படம் எதற்கும் எனக்கு முடிவு தெரியாது.

கோடையில் பெரியம்மா இறந்துபோனார். சாவு வீட்டு முற்றத்தில் போட்ட கூடாரத்துக்குள் பெண்களோடு நானும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி பாடினேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, அதனால் குரல் வந்துவிட்டது. வெளியே வழக்கப்படி தடியூன்றி நின்ற ஆண்கள் யார் பாடுவது என்று கேட்டார்களாம்.

நீங்கள் நிறைய இருமுவதாகத் துரூஸ்பெக் அண்ணன் சொன்னார். ஆட்டு வால் கொழுப்பைச் சூடான பாலில் உருக்கிக் குடிக்க வேண்டுமாம். அம்மா சொல்லச் சொல்லவில்லை. நானாக எழுதுகிறேன்.

உங்கள் மகள்
கனிஷாய்


பிஷ்கெக்
19 அக்டோபர்

கண்ணு கனிஷாய்,

உன் கடிதத்தை பஸ்ஸில் படித்தேன். எதிரில் உட்கார்ந்திருந்தவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கும்போது, "அண்ணே, படத்துல செத்துப்போவாரே, அவருதானே நீங்க?" என்றான். ஆமாம் தம்பி, அவனேதான் என்றேன். முப்பத்தைந்து வருடம் நடித்ததில் என் முகம் எல்லாருக்கும் தெரியும். எசென்குல் என்ற பெயர் சம்பளம் கொடுப்பவனுக்கு மட்டும் தெரியும்.

முதல் படத்திலேயே நான் பிணம். நாள் முழுக்க உருளைக்கிழங்கு வண்டியில் கிடந்தேன். அதற்குப் பிறகு யாரைக் கொல்ல வேண்டுமானாலும் என்னைக் கூப்பிட்டார்கள். ஊர்த் தலைவர், ரயில் கார்டு, பெண்ணின் அப்பா, மாப்பிள்ளையின் அப்பா. கதாநாயகன் பழிவாங்கப் புறப்பட வேண்டுமென்றால் முதலில் நான் செத்தாக வேண்டும். சாவது ஒன்றும் கஷ்டமில்லை. காத்திருப்பதுதான். வெளிச்சம் சரியில்லை, பொறு, இன்னும் சாகாதே என்பார்கள். பனியில் கிடப்பேன். டைரக்டர் 'இப்ப' என்று சொன்ன பிறகுதான் சாவேன். செத்த பிறகு 'கட்' என்று சொல்லும்வரை அசையமாட்டேன். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் சரி. இந்த ஒரு விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

இப்போது ஸ்டுடியோவில் பாதியை நாற்காலி விற்பவனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். மீதிப் பாதியில் தலாய்பெக் என்று ஓர் இளைஞன் படம் எடுக்கிறான். முதல் முறையாக என்னைச் சுற்றியே ஒரு கதை. கடைசியில் சாகிறேன், அது வேறு விஷயம். கூடாரத்தில் என்னைக் கிடத்தியிருக்க, மகள் ஒப்பாரி பாட வேண்டும். வந்த நடிகைகளுக்கு அழத் தெரிகிறது, பாடத் தெரியவில்லை. உன்னைப் பற்றிச் சொன்னேன். உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் ஷூட்டிங். நீ சுவரைப் பார்த்து உட்காரலாம், கேமராவுக்கு உன் முதுகு போதும்.

வருகிறாயா?

அப்பா


கொச்கோர்
1 நவம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

என்னால் வர முடியாது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதத்தை நான் படித்தபோது ஓமுர்பெக் மாமாவும் வீட்டில் இருந்தார். உயிரோடு இருக்கிற ஆளுக்கு ஒப்பாரி பாடினால் சாவை வாசல்வரை கூட்டிவந்து விட்டது போல என்று மாமா சத்தம் போட்டார். "பொண்ண விட்டு அப்பனுக்கே அழ வைக்கிறானா? அவனுக்குப் புத்தி செத்துப்போய் ரொம்ப நாளாச்சு" என்றார். அம்மா மாவு பிசைந்துகொண்டே இருந்தாள்.

ஆனால் நான் வராததற்குக் காரணம் அது மட்டும் இல்லை. ஒப்பாரியில் மகள் தன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எப்படி வீடு திரும்புவார், யாரைத் தோளில் தூக்கினார், எதற்குச் சிரிப்பார் என்றெல்லாம். பெரியம்மாவைப் பற்றிப் பாட எனக்கு நிறைய இருந்தது. உங்களைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஐந்து வயதில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு கோட்டு. அதைப் பாட முடியாது.

இருமல் குறைந்ததா?

கனிஷாய்


பிஷ்கெக்
12 நவம்பர்

கண்ணு,

கோபம் இல்லை. நீ சொன்னது சரி. வேறு ஒரு பெண்ணை வைத்து எடுக்கிறோம்.

ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன், வைத்துக்கொள். நீ பிறந்த அன்று நான் நாரின் ஆற்றங்கரையில் சுடப்பட்டுத் தண்ணீரில் கிடந்தேன். வெளிச்சம் சரியாக வரவில்லை, மறுநாளும் கிடந்தேன். உன் அம்மா பிரசவத்துக்கு வந்திருந்த உங்கள் ஊருக்கு நான் வந்து சேர்ந்தபோது என் பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்டியது. உன் அம்மா உன்னை என்னிடம் தரவில்லை. "கை காயட்டும்" என்றாள். அடுப்புக்குப் பக்கத்தில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். காய்ந்த பிறகு கொடுத்தாள். ஒரு ரொட்டியின் கனம் இருந்தாய்.

இருமல் அப்படியேதான் இருக்கிறது. வால் கொழுப்பு குடிக்கிறேன். நாற்றம்.

அப்பா


கொச்கோர்
29 நவம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் பக்கம் நடந்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கம் நடந்ததை எழுதுகிறேன்.

இந்த மாதத்தில், பனியில், ஒரு வீட்டு முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்கள் டைரக்டருக்குத் தெரியாதா? இந்த மண்ணில் பிறந்தவர்தானே? சாலையில் போகிறவர்களுக்கு அது படக் கூடாரம் என்று எப்படித் தெரியும்? ஓமுர்பெக் மாமா குதிரையில் அந்தப் பக்கம் போயிருக்கிறார். கூடாரம் இருக்கிறது, தடியூன்றி ஆண்கள் நிற்கிறார்கள். யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, நடிக்க வந்த ஒரு கிழவர், "நம்ம எசென்குல்தான் உள்ள படுத்திருக்காரு" என்றாராம். கேமரா கண்ணில் படவில்லை; மாமாவுக்கு உங்கள் இருமல்தான் நினைவுக்கு வந்ததாம், படம் நினைவுக்கு வரவில்லை, எங்களுக்கும் அப்படித்தான். அந்த நேரம் துரூஸ்பெக் அண்ணனின் வேன் வந்ததால், வீட்டில் சொல்லிவிடு என்று மாமா அவரை அனுப்பிவிட்டு, அழுதுகொண்டே குதிரையை அங்கே விரட்டியிருக்கிறார்.

வேன் வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் வீடு நிறையப் பெண்கள். மாமாவின் ஆட்டை அறுத்துவிட்டார்கள். புருஷனை இழந்தவளுக்குச் செய்வதுபோல அம்மாவின் பின்னலை அவிழ்க்க வேண்டுமா வேண்டாமா என்று எல்லாரும் தயங்கினார்கள், நீங்கள் பிரிந்தவர்கள் அல்லவா. அம்மாதான் சொன்னாள். "அவுருங்க. வேற யாருக்கு அவுக்கப்போறேன்?"

நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பாடினேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதையே திரும்பத் திரும்பப் பாடினேன். கை காயும்வரை அடுப்போரம் நின்றவரே, ரொட்டி போல என்னை வாங்கியவரே என்று. பின்னால் அம்மாவின் அழுகை ஒரு நிமிடம் நின்றது. அப்புறம் முன்பைவிடப் பெரிதாக வந்தது.

இருட்டுவதற்கு முன் மாமா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். நீங்கள் கண்ணைத் திறந்து, "ஓமுர்பெக், மெதுவா. விலா எலும்பு" என்று சொன்னீர்களாம். அம்மா நம்பவில்லை. மூன்றாவது முறை சொன்ன பிறகு, "இன்னொரு தடவ ஏமாத்திட்டாரு" என்று சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை. பின்னலை மறுநாள்தான் போட்டுக்கொண்டாள்.

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு வழி சொன்னார்கள். அறுத்த ஆட்டில் நீங்கள் வந்து சாப்பிட வேண்டுமாம். சாப்பிட்டால் அது துக்க ஆடு இல்லை, உங்கள் விருந்து ஆகிவிடும். சாப்பிடாவிட்டால் நான் பாடியது பாடியதுதான் என்கிறார்கள். அம்மா ஒரு பின்னங்காலை உப்பிட்டு உங்களுக்காகத் தொங்கவிட்டிருக்கிறாள்.

சீக்கிரம் வாருங்கள். நான் பயந்துபோயிருக்கிறேன்.

கனிஷாய்


பிஷ்கெக்
10 டிசம்பர்

கண்ணு கனிஷாய்,

வருகிறேன். குரல் பதிவு மட்டும் பாக்கி. இருமல் இடையில் வந்துவிடுவதால் இழுத்துக்கொண்டு போகிறது. புது வருடத்துக்கு அங்கே இருப்பேன் என்று உன் அம்மாவிடம் சொல்.

உன் மாமா என் மேல் விழுந்து, "எந்தங்கச்சிய விட்டுட்டுப் போயிட்டியேடா" என்று அழுதார். இத்தனை வருடத்தில் 'கட்' சொல்வதற்கு முன் நான் கண்ணைத் திறந்தது அந்த ஒரு முறைதான். அழுகை பிரமாதம், இன்னொரு முறை அழுங்கள் என்று தலாய்பெக் கெஞ்சினான். "இனி இவன் நெஜமாவே செத்தாலும் அழ மாட்டேன்" என்று குதிரையேறிப் போய்விட்டார்.

எனக்காகப் படங்களில் எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள். அதெல்லாம் ஆடு மேய்ப்பவனுக்கும் ரயில் கார்டுக்கும். எனக்கென்று பாடியது நீ ஒருத்திதான். வந்தால் பாடிக் காட்டுவாயா? நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன்.

அப்பா


கொச்கோர்
11 ஜனவரி 1999

அன்புள்ள அப்பாவுக்கு,

புது வருடம் வந்துவிட்டது. நீங்கள் வரவில்லை. பனியில் கணவாய் மூடியிருந்தது என்று நானே அம்மாவிடம் சொன்னேன். துரூஸ்பெக் அண்ணனின் வேன் தினமும் வருகிறதே என்று அவள் கேட்கவில்லை. வாசல் பக்கம் போகும்போதெல்லாம் அந்த ஆட்டுக்காலைத் துணியால் துடைக்கிறாள்.

கனிஷாய்


பிஷ்கெக்
2 பிப்ரவரி

கண்ணு,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும்.

படத்தில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் எனக்கு இன்னும் ஒரு ஷாட்தான் பாக்கி என்று அர்த்தம். நேற்று இவரும் துடைத்தார். நல்ல மனிதர், நடிக்கத் தெரியவில்லை.

பயணம் வேண்டாம் என்கிறார்கள். எனக்கும் களைப்பாகத்தான் இருக்கிறது. அந்த ஆட்டுக்காலை நீங்களே சமைத்துச் சாப்பிட்டுவிடுங்கள். பெரியவர்கள் சொன்னதை நினைத்து நீ மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. இது உன் பாட்டால் வந்தது இல்லை. அதற்கு முன்பே வந்தாயிற்று. எனக்குத் தெரியும்.

அப்பா


கொச்கோர்
5 பிப்ரவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

இதைத் துரூஸ்பெக் அண்ணன் இன்று எடுத்து வருகிறார். அடுத்த நடையில் நாங்கள் வருகிறோம். மாட்டை மாமாவிடம் விட வேண்டும், அதற்குத்தான் ஒரு நாள். ரொட்டிக் கடையில் சொல்லிவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே வந்து, முதலாளியின் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முடிக்கும் முன்பே எழுந்து போனாள். டி.வி.யை அணைக்கப் போவதுபோலத்தான் இருந்தது. திரும்பி வந்தபோது கையில் ஆட்டுக்கால் இருந்தது. அதைத் துணியில் சுற்றிக்கொண்டே, "அவரால வர முடியலன்னா விருந்து அவருகிட்ட போவட்டும். பல்லு வலிக்குதுன்னா சாறு வெச்சுக் குடுக்கறேன்" என்றாள். பிறகு, "இந்தத் தடவ பாதியில எழுந்து போக மாட்டேன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

பாட்டில் இப்போது இன்னும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவர், உருளைக்கிழங்கு வண்டி, கண்ணாடி துடைத்த டாக்டர். அங்கே வந்து பாடுகிறேன். நீங்கள் சுவரைப் பார்க்க வேண்டாம். நானும் பார்க்க மாட்டேன்.

வழியில் பனி அதிகம் என்கிறார்கள், கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். வெளிச்சம் இன்னும் சரியாகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறுத்திருங்கள், அப்பா. 'இப்ப' என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

உங்கள் மகள்
கனிஷாய்